மலைவீட்டுச் சிம்னியும் ஒரு மூட்டை சிமெண்டும்

கேள்வி: எங்கள் வீடு தாத்தா வாங்கிய பழைய பங்களா. கூரைக்கு மேலே நிற்கும் செங்கல் சிம்னியில் சந்துகளெல்லாம் உதிர்கின்றன. விரலை விட்டால் மணலாகக் கொட்டுகிறது. ஒரு மூட்டை சிமெண்ட் போதும், ஒரே நாளில் அடைத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரி சொல்லட்டுமா? (குன்னூர் வாசகி)

பதில்: சொல்லாதீர்கள், அம்மா! அந்த மூட்டையை மாட்டுக் கொட்டகைத் தரைக்குக் கொடுங்கள். அங்கே அதற்கு நல்ல வேலை இருக்கிறது. உங்கள் சிம்னிக்கு வேண்டியது சுண்ணாம்பு.

இந்தப் பகுதியின் பழைய வாசகர்களுக்கு என் சிமெண்ட் பகை தெரியும். புதியவர்களுக்காகக் காரணத்தை மறுபடியும் சொல்கிறேன், சந்தோஷமாகவே சொல்கிறேன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியது 1822-இல். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-இல். நம் நாட்டிலேயே சிமெண்ட் செய்து பார்க்க 1904-இல் சென்னையில் ஒரு முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. போர்பந்தரில் 1914-இல்தான் தொழில் காலூன்றியது. ஆக, மலையின் பழைய பங்களாக்களைக் கட்டியவர்கள் கையில் இருந்தது சுண்ணாம்புச் சாந்து. அந்தக் காலச் செங்கல்லும் மென்மையானது, தண்ணீர் குடிக்கும். மழையில் நனைந்த சுவர் வெயிலில் தன் ஈரத்தைச் சுண்ணாம்புச் சந்து வழியே வெளியே விடும். அப்படி விட்டு விட்டுத் தேய்வது சந்துதான், செங்கல் அல்ல. சந்து தேய்ந்தால் சுரண்டி எடுத்து மறுபடி அடைக்கலாம். அதற்காகவே பிறந்தது அது.

அங்கே சிமெண்டை அடைத்தால் சந்து செங்கல்லைவிடக் கெட்டியாகிவிடும். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள் தங்கும். கூடவே உப்பும் படிந்து முகத்துக்குப் பின்னால் விரியும். சில மழைக்காலம் கழிந்ததும் செங்கல்லின் முகம் அப்பளம் அப்பளமாக உரியும். சந்து மட்டும் கம்பீரமாக நிற்கும்! உரிந்த செங்கல்லுக்கு வைத்தியம் இல்லை, பெயர்த்துவிட்டு வேறு கல் வைக்க வேண்டியதுதான். மேஸ்திரியின் ஒரு நாள் வேலை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மாத வேலையாகும்.

கேள்வி: சரி, சுண்ணாம்பிலேயே அடைக்கிறோம். எப்படி? (கோத்தகிரி வாசகர்)

பதில்: இப்படிக் கேட்டால் நாள் முழுக்கப் பதில் சொல்வேன், ஐயா. முதலில் ஏணியை விடுங்கள், நல்ல சாரம் கட்டுங்கள். மேலே ஏறியதும் சிம்னியின் தலையைப் பாருங்கள். அங்கே பூசிய தொப்பி வெடித்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. அதைச் சரிசெய்யாமல் சந்தை அடைப்பது வீண் செலவு. செங்கற்களே ஆடினாலோ சிம்னி சாய்ந்திருந்தாலோ சந்தை அடைத்தால் போதாது; பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

கல் உறுதியாக இருக்கிறதா? அப்படியானால் உளியும் சுத்தியலும் எடுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். கண் இமைப்பதற்குள் செங்கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். சந்தின் அகலத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தைச் சுரண்டுங்கள். பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்குள் அடங்கும். மூக்குக்கு நல்ல முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பிறகு தூரிகையால் தூசியைத் துடைத்துத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த செங்கல் சாந்திலிருக்கும் நீரை உறிஞ்சிவிடும் என்பதால் இதைத் தவிர்க்கவே முடியாது.

கலவை: நன்றாக நீற்றி ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத சலித்த மணல் மூன்று பங்கு. பழைய கலவையில் ஒரு துண்டை உடைத்து, அதன் மணலின் நிறத்துக்கும் பருமனுக்கும் பொருத்தமான மணலைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டது ஊருக்கே தெரியும். குறுகிய கரண்டியால் கால் அங்குலம் கால் அங்குலமாக அழுத்தி அடையுங்கள். கட்டைவிரல் பதியாத அளவுக்கு ஒரு அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. முடித்ததும் ஈரச்சாக்கு போர்த்திப் பல நாள் ஈரம் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. ஈரம் இல்லாவிட்டால் அந்த மாற்றம் நடக்காது, மாவாகக் கொட்டும். சூளையில் வெந்து கல் இழந்த வாயுவைச் சுவரில் அமர்ந்து திரும்பப் பெறுகிறது! இந்த அழகுக்காகவே நான் சுண்ணாம்புக் கட்சி.

கேள்வி: சிலிகான் டியூபைப் பீச்சி அடைத்தால் வேலை சுலபம் அல்லவா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: குளியலறைத் தொட்டிக்குப் பீச்சுங்கள்.

கேள்வி: ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுச் சிம்னிக்குக் கடைக்காரர் ‘டைப் எஸ்’ கலவைப் பையைத் தருகிறார். அதுதான் அதிக பலமாம். வாங்கலாமா? (டொராண்டோ வாசகர்)

பதில்: பலம் என்றவுடன் நாம் மயங்கிவிடுகிறோம். வட அமெரிக்கக் கலவைகளைப் பலத்தின் இறங்குவரிசையில் எம், எஸ், என், ஓ, கே என்று வகுத்திருக்கிறார்கள். ‘மேசன் ஒர்க்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒன்றுவிட்டு ஒன்றாக எழுத்தைப் பொறுக்கினால் வரிசை மனப்பாடம். ஒரு சதுர அங்குலத்துக்கு எஸ் 1,800 பவுண்டு அழுத்தம் தாங்கும், என் 750, ஓ 350. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கெட்டிச் செங்கல் என்றால் ‘என்’ போதும்: சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. நூறாண்டுப் பழைய மென்கல் என்றால் ‘ஓ’, அல்லது சிமெண்டே இல்லாத சுண்ணாம்பு. தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். உங்கள் ஊர்க் குளிரில் அது ஒரே பருவத்தில் பலமுறை உறைந்து உருகும். சிம்னிக்கோ நாலு பக்கமும் வானம். செங்கல்லைவிடக் கெட்டியான சந்து அங்கே செங்கல்லைத்தான் உடைக்கும். வேலையைக் கோடையிலேயே முடியுங்கள். ராத்திரி வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் கரண்டியைத் தொட வேண்டாம்.

கேள்வி: வாஸ்துப்படி சிம்னி எந்த மூலையில் இருக்க வேண்டும்? (சேலம் வாசகர்)

பதில்: புகை வெளியே போகிற மூலையில்.

கேள்வி: புகைபோக்கிக்கு வரி போட்ட அரசு உண்டா? (திருச்சி வாசகி)

பதில்: உண்டே! இங்கிலாந்தில் 1662-இல் கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் விதித்தார்கள். அதிகாரி வீட்டுக்குள் நுழைந்து அடுப்பை எண்ணுவார். ஏய்ப்பதற்காகக் கணப்பைச் செங்கல் வைத்து மூடியவர்களும் இருந்தார்கள். 1689-இல் வரி ஒழிந்தது. நம் ஊர் அலுவலகங்களில் யாரும் இந்தப் பதிலை உரக்க வாசிக்காதீர்கள்.

கேள்வி: கணப்பு மூட்டினால் மாடி அறையில் லேசாகப் புகை வாசனை வருகிறது. பிள்ளைகள் காலையில் தலைவலி என்கிறார்கள். சந்து உதிர்ந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (ஊட்டி வாசகி)

பதில்: உண்டு, அம்மா. இன்றைக்கு அந்தக் கணப்பை மூட்டாதீர்கள். புகைபோக்கியின் உட்புறத்திலும் சந்துகள் இருக்கின்றன. அவை உதிர்ந்தால் புகை சுவர் வழியே மாடி அறைக்குக் கசியும். உதிர்ந்த கலவை கீழே குவிந்து பாதையை அடைத்தால் புகை அறைக்கே திரும்பும். அந்தப் புகையோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். இது தூக்கத்தில் நேர்ந்தால் விழிக்காமலே முடிந்துவிடும். வீட்டைவிட்டு வெளியே போனால் தலைவலி குறைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். பிள்ளைகளை உடனே மருத்துவரிடம் காட்டி, கணப்பு விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். உள்பாதையை ஆள் வைத்துப் பார்த்துச் சரிசெய்யும் வரை கணப்பு அணைந்தே இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கையறைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். குளிருக்கு மாற்றாகக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவருவது இதைவிட ஆபத்து. கம்பளி போதும்.

கேள்வி: சிம்னி சுத்தம் செய்யச் சிறுவர்களை உள்ளே ஏற்றினார்கள் என்று பாடத்தில் படித்தேன். உண்மையா? (மதுரை மாணவி)

பதில்: உண்மை, மகளே. லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இல், சிம்னிக் கரியில் வேலை செய்தவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வருவதை எழுதினார். தொழிலால் புற்று வரும் என்று முதலில் காட்டியது அதுதான். அதற்கப்புறமும் சட்டம் மேல் சட்டம் போட்டு, எவரும் மதிக்காமல், நூறாண்டு ஓடியது. 1875-இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் ஃபுல்போர்ன் மருத்துவமனைச் சிம்னியில் சிக்கி இறந்தான். அந்த ஆண்டுச் சட்டம்தான் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. மனிதரைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவதற்கு எதிராக நம்மிடமும் 2013-இல் சட்டம் வந்தது. இன்னும் இறக்குகிறார்கள், இன்னும் சாகிறார்கள். உன் பாடப்புத்தகத்தில் இதுவும் இருக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் கேள்.

கேள்வி: சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை எப்படி அடையாளம் காண்பது? (கொடைக்கானல் வாசகர்)

பதில்: கண்ணுக்குப் படாத பக்கமாக ஒரு கஜம் மட்டும் செய்துகாட்டச் சொல்லுங்கள். கிரைண்டரோடு வந்தால் காபி கொடுத்து அனுப்புங்கள். கரண்டியைத் தொடும் முன்பே “சாக்கு எத்தனை இருக்கு?” என்று கேட்டால் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.