குறை அழியா விதி: டிவிடி ரசிகர்களின் மதிப்பீட்டு முறை பற்றிய ஓர் ஆய்வு

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மட்டுமே முடியும் என்று பள்ளிக்கூட இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறது. இந்த விதி குறைக்கும் பொருந்தும் என்பதை ஏனோ எந்தப் பாடநூலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த விடுபடலை இட்டு நிரப்ப முன்வந்திருக்கும் இவ்வாய்வின் கருதுகோள் இதுதான்: பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றை எத்தனை துலக்கமாக டிவிடியில் வெளியிட்டாலும், அதன் ரசிகர்களிடம் இருக்கும் குறையின் மொத்த அளவு மாறுவதில்லை; அது பொடியாகிறது, அவ்வளவுதான். பாறையாக இருந்தது கல்லாகும், கல் மணலாகும், மணல் மாவாகும். தராசில் வைத்தால் எடை அதே எடை. ஆகவே ஒரு வெளியீட்டின் தரத்தை அதன்மேல் எத்தனை குறை சொல்லப்பட்டது என்று எண்ணிப் பார்த்து அளப்பது வீண் வேலை. சொல்லப்பட்ட குறை எவ்வளவு பொடியானது என்று பார்த்தே அளக்க வேண்டும். மிகப் பொடியான குறையைச் சம்பாதித்த வட்டே மிக உயர்ந்த வட்டு.

இதை நிறுவ பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1963 நவம்பர் 23 அன்று தொடங்கி 1989 வரை 26 பருவங்கள் ஓடிய தொடர் அது. நீல நிறப் போலீஸ் பெட்டிக்குள் ஒரு காலயந்திரம், தள்ளினால் ஆடும் அட்டைச் சுவர்கள், வீட்டுச் சாமான்களால் செய்தவைபோலத் தோன்றும் வேற்றுக் கிரகக் கருவிகள் என்று குறைகாண்போருக்கு முதல் காட்சியிலேயே இலை போட்டுப் பரிமாறிவிடுகிற தொடர். அதன் ரசிகர்களோ அந்த இலையைத் தொடுவதே இல்லை. அட்டைச் சுவர் ஆடுவது அவர்களுக்குக் குறையல்ல, வரலாறு. அந்த ஆட்டம் 1974இல் ஒளிபரப்பான அதே வேகத்தில் வட்டிலும் ஆடுகிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. நக்கீரர் பாட்டில் பொருட்குற்றம் பார்த்தார். இவர்கள் ஏட்டின் ஓரத்தில் கறையான் அரித்த பகுதியின் வடிவம் சரியாகப் படியெடுக்கப்பட்டதா என்று பார்ப்பவர்கள்.

ஏட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்நாளில் காணொளி நாடா விலை உயர்ந்த சரக்கு. நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களால் ஒரு நிகழ்ச்சியை இஷ்டம்போல மறுஒளிபரப்பு செய்யவும் முடியாது. எனவே பிபிசி நாடாக்களை அழித்து அவற்றின் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக, திரையின் முன் பிலிம் கேமராவை வைத்து எடுத்த 16 மி.மீ. கறுப்பு வெள்ளைப் படிகள் மட்டும் சில இடங்களில் தங்கின. 1960களின் பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இப்படித் தொலைந்தன. மிஞ்சியவற்றில் பலவும் மூலம் அல்ல, மூலத்தைப் பார்த்து எடுத்த படி. பாடபேத ஆய்வுக்கு இதைவிடச் செழிப்பான நிலம் கிடைக்காது.

முதல் சான்று 1983. தொடரை வீடியோ கேசட்டாக வெளியிடப் போகிறோம், எந்தக் கதை வேண்டும் என்று ரசிகர்களிடம் கேட்கப்பட்டது. அவர்கள் விரும்பிக் கேட்டது ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’. 1967இல் ஒளிபரப்பான அந்தக் கதையின் ஒரு பகுதிகூட அப்போது பிபிசியின் கிடங்கில் இல்லை. அதற்குப் பதிலாக ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சைபர்மென்’ வந்தது. நான்கு பகுதிகளையும் ஒட்டி ஒரே படமாக்கி, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூச்சைப் பிடிக்கவைக்கும் இடத்தை வெட்டி, அட்டையில் தொடரின் வில்லனான சைபர்மேனின் வேறொரு காலத்துப் படத்தைப் போட்டு விற்றார்கள். குறை அப்போது பாறை அளவில் இருந்தது. எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். ஆனால் நம் கருதுகோளுக்கு உதவுவது அடுத்து நடந்தது. ‘டூம்’ கதையின் நான்கு பகுதிகளும் ஹாங்காங்கிலிருந்து திரும்பிவந்து 1992இல் கேசட்டாக வெளியாயின. இருபது ஆண்டுகளாக ஒப்பற்ற படைப்பு என்று பேசப்பட்ட கதை அது. கைக்கு வந்ததும், ஆளைத் தூக்குகிற காட்சியில் கம்பி தெரிகிறது என்ற செய்தியும் கூடவே வந்தது. தொலைந்திருந்தவரை அந்தக் கம்பி யார் கண்ணிலும் படவில்லை என்பதைக் கவனிக்க.

டிவிடி யுகத்தில் குறை மணலாகிறது. பிலிம் படிகளில் தூசியையும் கீறலையும் நீக்கியதோடு வேலை முடியவில்லை. ஸ்டூடியோ காணொளிக் கேமரா நொடிக்கு 50 முறை அசைவைப் பதிகிறது. அதன் பிலிம் படியில் 25 படச்சட்டங்களே உண்டு. ஆகவே நேரலைபோல வழுக்கி ஓடிய காட்சி சினிமாபோலக் கொஞ்சம் தத்தித் தத்தி நடக்கும். இந்தத் தொடரை நேசித்த பொறியாளர்கள் ‘விட்ஃபயர்’ என்ற முறையால், பக்கத்துப் பக்கத்துச் சட்டங்களைக் கொண்டு இடையில் விடுபட்ட அசைவைக் கணித்து மீட்டார்கள். சாதாரண மனிதன் இதைப் பார்த்து, ‘என்னவோ கொஞ்சம் தெளிவா இருக்கு’ என்பான். ரசிகரோ, வேகமாகக் கை வீசும் இடத்தில் விரல்நுனி ஒரு கணம் கரைகிறதே என்பார். இங்கே நாம் ஒரு துணைவிதியையும் பதிவு செய்யலாம்: படத்தின் தெளிவு கூடக் கூட, ரசிகரின் மூக்குக்கும் திரைக்கும் இடையிலான தூரம் குறைகிறது. கேசட் காலத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் டிவிடி காலத்தில் விளிம்பில் உட்கார்ந்தார். ப்ளூ-ரே வந்தபின் படத்தை ஓடவிடுவதே இல்லை, நிறுத்தி வைத்துத்தான் பார்க்கிறார். வேலைநிறுத்தத்தால் ஸ்டூடியோவை விட்டு வெளியேறி முழுக்க முழுக்க 16 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டு 1970இல் ஒளிபரப்பான ‘ஸ்பியர்ஹெட் ஃபிரம் ஸ்பேஸ்’ மட்டும் 2013இல் நேராக ப்ளூ-ரேக்குத் தகுதி பெற்றது. தொழிற்சங்கம் வேலையை நிறுத்தியதால் தரம் உயர்ந்த நிகழ்வு என்று இதைத் தொழிலியல் அறிஞர்கள் தனியாக ஆராயலாம்.

இனி இவ்வாய்வின் மையச் சான்றுக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் வண்ணத்தில் எடுக்கப்பட்ட சில கதைகளின் நாடாக்கள் அழிந்து, கறுப்பு வெள்ளைப் பிலிம் படிகளே எஞ்சின. வண்ணம் போனது போனதுதான் என்று எல்லாரும் கைகழுவியிருந்தார்கள். அந்தப் படிகளில் ஒரு குறை மட்டும் இருந்தது: படம் முழுக்க நுண்ணிய புள்ளிகள், கண்ணை உறுத்தும் ஒரு கொசுவலைபோல. அது தூசி அல்ல. வண்ணச் சமிக்ஞையைத் தாங்கிவரும் துணை அலை கறுப்பு வெள்ளைத் திரையில் விழுந்த தடம். பிலிமுக்கு மாற்றும்போது ஒரு வடிகட்டியைப் போட்டு அதை நீக்கிவிடுவதுதான் ஒழுங்கான வேலைமுறை. பல நேரங்களில் அந்த வடிகட்டி போடப்படவில்லை. முப்பதாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு, அந்தக் கொசுவலையைக் கணினியில் பிரித்துப் படித்தால் எந்தப் புள்ளி எந்த நிறம் என்று தெரியும் எனக் கண்டுபிடித்தார்கள். இம்முறையில் மீண்ட முதல் நிகழ்ச்சி ‘டாட்ஸ் ஆர்மி’யின் ஒரு பகுதி, 2008 டிசம்பரில் ஒளிபரப்பானது. 2009இல் ‘பிளானட் ஆஃப் தி டாலெக்ஸ்’ கதையின் மூன்றாம் பகுதி வண்ணத்தோடு டிவிடியில் வந்தது. 2013இல் ‘தி மைண்ட் ஆஃப் ஈவில்’ வந்தபோது அதன் முதல் பகுதிக்கு மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. அதில் படிக்கத்தக்க புள்ளிகளே இல்லை. அதற்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். கடமை தவறிய ஊழியர் வண்ணத்தைக் காப்பாற்றினார். கடமையைச் சுத்தமாகச் செய்தவர் அதை அழித்தார். குறையே தகவல் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரத்தை இவ்வாய்வு வேறெந்தத் துறையிலும் காணவில்லை. ‘இன்வேஷன் ஆஃப் தி டைனோசர்ஸ்’ முதல் பகுதியில் வண்ணம் அரைகுறையாகவே மீண்டது. வெளியீட்டாளர்கள் கறுப்பு வெள்ளையை முதன்மையாக வைத்து, அரைகுறை வண்ணத்தை விரும்பினால் தேர்ந்தெடுக்கும்படி சேர்த்தார்கள். ஒரே பகுதியை இருவிதமாகக் குறைகாணும் வசதி அதில் கிடைத்தது.

இங்கே ஒரு பூர்வபட்சம் எழும்: பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதெல்லாம் கண்ணிலேயே படாது, அப்படியிருக்கக் குறையை வைத்துத் தரத்தை அளப்பது எப்படி நியாயம்? பதில் எளிது. கண்ணில் படாதவர்கள் கையில்தான் இந்தத் தொடர் முதலில் இருந்தது. அவர்கள்தான் நாடாவை அழித்தார்கள். புள்ளியைப் பார்த்து எரிச்சல்பட்ட சிலர் இல்லாதிருந்தால் புள்ளிக்குள் நிறம் இருந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. வெளியீட்டாளர்களும் இதை ஒப்புக்கொண்டதுபோலவே நடந்தார்கள். இந்த டிவிடிகளில் படம் ஓடும்போதே அடியில் தயாரிப்புக் குறிப்புகள் எழுத்தில் வரும். எங்கே கேமராவின் நிழல் விழுந்தது, எங்கே வசனம் மாறியது என்றெல்லாம் சொல்லும். மூலத்தின் கீழேயே உரை அச்சிடுவது நம் பதிப்பு மரபுக்குப் புதிதல்ல. தன் குறைகளைத் தானே அடிக்குறிப்பாகச் சொல்லிக்கொண்டு விற்பனைக்கு வரும் பண்டம் இதைத் தவிர வேறு இருக்கிறதா என்பது ஐயம்.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கூர்மையானது. 1963இல் இந்தத் தொடர் 405 வரித் தொலைக்காட்சிக்காக, சின்னத் திரையில் மங்கலாகத் தெரியும் என்ற துணிச்சலில் எடுக்கப்பட்டது. அந்த மங்கலும் மூலத்தின் ஒரு பகுதிதானே? அதைத் துடைத்தெடுத்துக் கம்பியைக் காட்டுவது மீட்பா, துரோகமா? இக்கேள்வியால் ரசிகர்கள் இரு பள்ளிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். கேமரா முன் நடந்ததே மூலம் என்பது ஒரு பள்ளி. வீட்டில் தெரிந்ததே மூலம் என்பது மற்றது. முதல் பள்ளிக்குக் கம்பி தெரிந்தால் மகிழ்ச்சி, இரண்டாம் பள்ளிக்குக் கம்பி தெரிந்தால் வருத்தம். எது சரி என்ற வழக்கில் இவ்வாய்வு தலையிடாது. ஒரு பள்ளியின் குறையைத் தீர்த்தால் அது மற்ற பள்ளியின் குறையாக அப்படியே கைமாறுகிறது, கூட்டுத்தொகை மாறுவதில்லை என்பதை மட்டும் சுட்டிக்காட்டும். அமெரிக்காவின் ‘சைன்ஃபெல்டு’ தொடர் 2021இல் நெட்ஃபிளிக்ஸுக்கு அகலத்திரை வடிவில் போனபோது, சாலைப் பள்ளத்தையே கதையாகக் கொண்ட பகுதியில் அந்தப் பள்ளமே சட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்டுப் போயிற்று. பிலிமிலிருந்து புதிதாக எடுத்த துல்லியமான படம். பள்ளம் மட்டும் இல்லை.

மூன்றாவது மறுப்பு வணிகம் சார்ந்தது. குறை சொல்வதால் நிறுவனத்துக்குத்தான் லாபம், திருத்திய பதிப்பு என்று அதையே மீண்டும் விற்றுவிடுவார்கள் என்பர். உண்மைதான். 2010இல் ‘ரீவிசிட்டேஷன்ஸ்’ என்ற பெயரில், ஏற்கெனவே டிவிடியாக வந்த கதைகளை மேலும் துலக்கிப் பெட்டியாக்கி விற்றார்கள். குறை சொன்னவர்களே முதலில் வாங்கினார்கள். ஆனால் இது நம் விதியை மறுக்கவில்லை, அதற்குப் பொருளாதார விளக்கம் தருகிறது. எல்லாக் குறையும் பணத்தால் தீரும் என்பதும் இல்லை. ‘தி சேஸ்’ கதையில் பீட்டில்ஸ் பாடும் ஒரு துணுக்கு வருகிறது. பாட்டுரிமைச் சிக்கலால் அமெரிக்க டிவிடியில் அது வெட்டப்பட்டது. வானொலி நிலையத்தைப் பற்றிய ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ தொடருக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 2007இல் வந்த முதல் பருவ டிவிடியில் அசல் பாடல்கள் பலவற்றை எடுத்துவிட்டு வேறு இசையைப் போட்டார்கள். வானொலி நிலையத்தில் ஒலிக்கும் பாட்டை மாற்றுவது, கோயில் கதையில் மூலவரை மாற்றுவது மாதிரி. 2014இல் வேறொரு நிறுவனம் பெரும்பாலான பாடல்களுக்கு உரிமை வாங்கித் திரும்பச் சேர்த்தது. எஞ்சிய சில பாடல்களுக்காகக் குறை தொடர்கிறது. மாவு நிலை என்று மேலே சொன்னது இதைத்தான்.

கடைசிச் சான்று விதியை ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டுகிறது. 2023 நவம்பரில், தொடரின் அறுபதாம் ஆண்டுக்காக, ஏழு பகுதிகள் கொண்ட ‘தி டாலெக்ஸ்’ கதைக்கு வண்ணம் ஏற்றி, 75 நிமிடமாகச் சுருக்கி, புதிய இசையும் சேர்த்து பிபிசி ஒளிபரப்பியது. நாற்பதாண்டுகளுக்கு முன் கேசட்டில் செய்த அதே வெட்டும் ஒட்டும். அதே பாறை அளவுக் குறை. தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்த பிறகும் மூலதனத்தில் ஒரு காசு குறையாமல் திரும்பக் கிடைத்ததில் மூத்த ரசிகர்கள் இளமை திரும்பியதுபோல உணர்ந்திருக்க வேண்டும்.

எனவே தீர்ப்பு: படச்சட்டத்தை நிறுத்திவைத்து விரல்நுனியைக் குறைசொல்ல வைக்கும் வட்டுக்கு முதல் வகுப்பு. நிறத்தைப் பற்றிச் சண்டை மூட்டும் வட்டுக்கு இரண்டாம் வகுப்பு. கதையையே வெட்டியதற்குத் தேர்ச்சி இல்லை. இன்னும் கண்டெடுக்கப்படாத தொண்ணூற்றுச் சொச்சம் பகுதிகளைத் தரவரிசையில் சேர்க்க முடியாது. அவற்றின்மேல் ஒரு குறையும் இல்லை. 2013இல் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவிலிருந்து கிடைத்தன. இந்தத் தொடர் அறுபதுகளில் சிங்கப்பூருக்கும் விற்கப்பட்டது. அங்கே யார் வீட்டுப் பரணிலாவது 16 மி.மீ. சுருள் ஏதேனும் துருப்பிடித்த டப்பாவில் கிடந்தால், தயவுசெய்து கழுவித் துடைக்காமல், அழுக்கோடு அப்படியே அனுப்பிவையுங்கள்.