ரிஜெக்ட் பீஸை வைத்து லட்சாதிபதி ஆவது எப்படி?

முதலில் ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிவிட்டு, "மின்ட் எரர்ண்ணே, லட்சத்துக்குப் போகும்" என்று சொல்லப் பழகுங்கள். ரகசியக் குரல்தான், ஆனால் நாலு பேருக்குக் கேட்க வேண்டும்.

ஷிப்ட் முடிந்து வந்த ஒரு தம்பி அப்படித்தான் நீட்டினான். காசு செப்புக்குடம் மாதிரி தகதகத்தது. "எந்த செக்‌ஷன்ப்பா?" என்றேன். "பிளேட்டிங்ண்ணே." அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை.

நம் ஒரு ரூபாய் 1992-லிருந்து முழு எவர்சில்வர், முலாமே கிடையாது. அமெரிக்க ஒரு சென்ட்டுக்கு 1982 முதல் உள்ளே துத்தநாகம், மேலே செம்புப் பூச்சு. அதில் கொப்புளம் கிளம்பினால் பூச்சுக் குறை. நம் காசில் அதைத் தேடுவது இட்லியில் எலும்பு தேடுகிற வேலை.

அடுத்து, பிறை வடிவில் விளிம்பு வெட்டுப்பட்ட காசு. தகட்டில் ஏற்கெனவே துளை விழுந்த இடத்தில் பஞ்ச் மறுபடி இறங்கினால் இப்படி ஆகும். (நம் லைனில் நடந்தால் மெமோ, நாணயச்சாலையில் நடந்தால் ஏலம். சரி, விடுங்கள்.) வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். விளிம்பு உருட்டும்போது வெட்டுப்பட்ட பக்கம் அழுத்தம் கிடைக்காததால், நிஜமான பிழையில் அந்த எதிர்ப்பக்கமும் பெரும்பாலும் சப்பையாக இருக்கும். அங்கே விளிம்பு கச்சிதமாக நின்று, வெட்டில் அரத்தின் கோடும் தெரிந்தால் கைவேலை. நகத்தால் தடவுங்கள், பர் மாட்டும்.

ஒரு பக்கம் எழுத்து இடவலம் மாறிப் பள்ளமாகக் கிடக்கிறதா? முந்தைய காசு டையிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்ததன்மேல் அச்சான வகை அது. நிஜமானால் நல்ல விலை. பெஞ்ச் வைஸில் இரண்டு காசை வைத்து நெருக்கினாலும் அதே இடவலம் மாறிய எழுத்து விழும். ஆனால் பள்ளத்துக்கு அடியில் பழைய எழுத்து நசுங்கிக் கிடக்கும். வைஸ் அதை அழிக்காது.

தேறியதா? விளம்பரம் போடுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி, கமிஷன், வரி என்று முன்பணம் கேட்டு போன் வரும். பழைய காசு வியாபாரமோ கட்டண வசூலோ தனக்குக் கிடையாது என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது. அதனால் போனை மட்டும் ரசியுங்கள்.

தம்பி கடைசியில் அந்த லட்ச ரூபாய்க் காசை டீக்காசோடு சேர்த்துக் கொடுத்தான். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கலர் சரியில்ல தம்பி. ஜீபே பண்ணிடு."