வாசல் பார்த்த நத்தை

கேள்வி: பாறைக் கரையில் உட்கார்ந்து நத்தை ஓட்டை அளப்பவர்கள் அப்படி என்னதான் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: நத்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதை! ஸ்வீடனின் மேற்குக் கரையில் ஒரே இனக் கடல் நத்தைக்கு இரண்டு விதமான ஓடு. நண்டு உலவும் இடத்தில் ஆள் பெரிசு, ஓடு தடிப்பு, வாசல் குறுகல். கொடுக்கு உள்ளே நுழையக் கூடாதே. அலை அறையும் பாறையில் ஆள் பொடிசு, ஓடு மெல்லிசு, வாசல் மட்டும் அகலம். பாறையைப் பற்றப் பெரிய பாதம் வெளியே வரவேண்டும்.

1988இல் நச்சுப் பாசி பெருகி, குட்டித் தீவுகளின் நத்தைகள் மடிந்தன. 1992இல் கெர்ஸ்டின் யோஹானெசன் என்ற விஞ்ஞானி நண்டுப் பேட்டை நத்தைகளை அப்படியொரு அலைப்பாறையில் குடிவைத்தார். முப்பதே ஆண்டில் அவற்றின் வாரிசுகளுக்கு ஓடு மெலிந்து, வாசலும் அகன்றுவிட்டது. வாஸ்துவும் பார்க்கவில்லை, கொத்தனாருக்கு அட்வான்ஸும் கொடுக்கவில்லை. என் வீட்டுக் காம்பவுண்டு சுவர் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.