நுரை கட்டி வரும் காவிரி

கர்நாடகம் காவிரித் தண்ணீரைத் தருவதே இல்லை என்று யார் சொன்னது? எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாக வந்தால்தான் காவிரியா? ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். ஷட்டரைத் தூக்கியதும் பொங்கிப் பொங்கி வருகிறாள். கொஞ்சம் வெளுத்திருப்பாள், நாறுவாள். அதற்காக உறவு விட்டுப்போகுமா?

தொரேகாடனஹள்ளியிலிருந்து மோட்டார் போட்டு மேடேற்றி, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குக் காவிரியைக் கொண்டுபோகிறார்கள். அங்கே பல் துலக்கி, துணி துவைத்து, கக்கூஸ் கழுவியானதும் நகரத்தின் ஒரு சரிவு அவளைத் தென்பெண்ணைப் பக்கம் தள்ளிவிடுகிறது. பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி, தென்பெண்ணை, அப்புறம் கெலவரப்பள்ளியில் நாம். பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி வாங்குவதற்குள் உச்ச நீதிமன்றப் படி தேய்கிறது. இதற்கு வழக்கு வேண்டாம், ஆணையம் வேண்டாம். மழை பொய்த்த வருடத்திலும் பங்கு குறையாது. தென்பெண்ணையின் கிளையாறான மார்க்கண்டேய நதியில் நல்ல தண்ணீர் ஓடியது. யர்கோலில் அணை கட்டி நிறுத்திக்கொண்டார்கள். சாக்கடைக்கு எவனாவது அணை கட்டுவானா?

தண்ணீரில் தீப்பிடிக்காது என்ற மூடநம்பிக்கையை ஒழித்த பெருமையும் பெல்லந்தூருக்கு உண்டு. 2017 பிப்ரவரியில் எரிந்தது. நம்பாதவர்களுக்காக 2018 ஜனவரியில் மறுபடி எரிந்தது. அணைக்க ராணுவம் வந்தது.

சாக்கடைச் சுத்திகரிப்பில் மந்திரம் ஒன்றும் இல்லை. கம்பிச் சல்லடையில் குப்பையை நிறுத்த வேண்டும், மண்ணைப் படியவிட வேண்டும், பிறகு தொட்டியில் இரவு பகலாகக் காற்று ஊத வேண்டும். அந்தக் காற்றில் பிழைத்துக்கொண்டு நுண்ணுயிர்கள் நம் அழுக்கைத் தின்கின்றன. சம்பளம், பஞ்சப்படி, பதவி உயர்வு எதுவும் கேட்பதில்லை. கரண்ட் மட்டும் போதும். ஊதுவதை நிறுத்தினால் பில் மிச்சம், அவை செத்துப்போகும். ஓட்டு இல்லாத சாவு, யார் மாலை போடப்போகிறார்கள்? தின்னப்படாத சோப்பு அப்படியே ஆற்றோடு வந்து ஷட்டரிலிருந்து விழுகிறது. தொட்டியில் கிடைத்திருக்க வேண்டிய காற்று இங்கேதான் கிடைக்கிறது. நுரை என்பது அதுதான்.

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில், மிச்சமிருக்கும் அழுக்கைக் காட்டும் பிஓடி அளவு லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று 2015-இல் வரைவு போட்டார்கள். 2017 இறுதி அறிவிக்கையில் அது பெருநகரங்களுக்கு 20, பல ஊர்களுக்கு 30 ஆனது. அமோனியா பட்டியலிலேயே இல்லை. தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிட அளவுகோலைச் சுத்தம் செய்வது மலிவு. (பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மறுபடி 10 என்றது. மீன்களுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.)

பெங்களூரைத் திட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் தண்ணீர் வேண்டுமே. 2017-இல் நொய்யல் நுரைத்தபோது, ஜனங்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதால்தான் என்று கண்டுபிடித்தவர் நம்முடைய சுற்றுச்சூழல் அமைச்சர். எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டிருந்தால் நொய்யல் பிழைத்திருக்கும்! மதுரையில் வைகைக்குள் எத்தனை சாக்கடை இறங்குகிறது என்று வருடம் ஒருமுறை இறங்கும் அழகரைக் கேட்டால் சொல்லுவார். நாமும் கீழே ஒரு ஊர் இருக்கிறது என்று நினைத்து எந்த வாய்க்காலையும் வெட்டியவர்கள் இல்லை.

கெலவரப்பள்ளிக்குக் கீழே தரைப்பாலத்தை நுரை மூடினால் பாதை எது, ஆறு எது என்று தெரியாது. நான் போனபோது ஒருவர் பைக்கை உருட்டிக்கொண்டு இடுப்பளவு வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்தார். காலைச் சொறிந்தார், மீசையில் ஒட்டியிருந்ததை வழித்துப் போட்டார். பின்னால் கட்டியிருந்த கொத்தமல்லிக் கட்டின் மேலும் நுரை. அதை மட்டும் பொறுமையாக ஊதி ஊதித் தள்ளினார்.

"இந்தத் தண்ணியிலயா விளையுது?"

"வேற ஏது சார் தண்ணி?"

"யாரு வாங்குறாங்க?"

"ராத்திரி வண்டி வரும். எல்லாம் பெங்களூரு மார்க்கெட்டுக்குத்தான் போவுது."