பிளெக்ஸைச் சுருட்டி வைங்கப்பு!

வாங்கப்பு, வா தாயி. திண்ணையில உக்காருங்க. வேன்ல என்ன, தையல் மிஷினா? ரொம்ப நல்லது. போன தடவை வந்த சங்கத்தார் கொடுத்தது கீழத்தெருவுல இருக்கு. அதுக்கு முந்தி வந்தவங்க கொடுத்தது நம்ம வீட்டுலயே இருக்கு; பேத்தி அது மேல ஏறித்தான் பரண்ல சாமான் எடுக்குறா. ஊர்ல இப்ப ரவிக்கைத் துணியைவிட டைலர் அதிகம். நீங்களும் உங்க பங்குக்குக் கொடுத்துட்டுப் போங்க, பரணுக்கா பஞ்சம்?

"பெண் கல்விக்குக் குரல் கொடுப்போம்"னு பிளெக்ஸ்ல போட்டிருக்கீக. கொடுங்க. ஆனா வகுப்பு காலையில பதினொரு மணிக்குன்னு போட்டிருக்கே, அந்த நேரத்துல ஊர்ல யாரு இருப்பா? நானும் இந்த நாயும்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். நாய்க்கு ஆர்வமில்ல. மத்தவளுக எல்லாம் நாத்து நடவும் நூறு நாள் வேலைக்கும் போயிருப்பாளுக. ராத்திரி எட்டு மணிக்கு வைக்கலாம்னா, கைப்புள்ளைய யாரு பார்க்குறது? வாத்தியாருக்குப் படி ஒதுக்கினீக, போட்டோக்காரருக்கு ஒதுக்கினீக, புள்ளை பார்க்க ஒரு ஆளுக்கு ஒதுக்கினீகளா? அதைக் கேட்டா "பட்ஜெட்ல இல்ல பாட்டி"ம்பீக.

நான் படிச்சது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துல. 1991-ல நம்ம புதுக்கோட்டைக்கு ஷீலா ராணி சுங்கத்னு ஒரு கலெக்டரம்மா. எழுத்தோட சைக்கிளையும் சேர்த்துப் பழக்கிவிட்டாக. ஊர்ப் பெரிய மனுசரு பல பேருக்கு வயித்தெரிச்சல். பொம்பளை சைக்கிள் ஓட்டினா மழை பெய்யாதுன்னு சொல்லாத குறைதான். ஒரு லட்சத்துக்கும் மேல பொம்பளைக பழகினதா சாய்நாத்னு ஒரு பத்திரிகைக்காரர் எழுதினாரு. ஆம்பளை சைக்கிளையே கேட்டு வாங்கினவளுகளும் உண்டு. குறுக்குக் கம்பியில புள்ளைய உக்கார வைக்கலாம்ல? உங்க சர்வே பாரத்துல "பயனாளியின் தேவை"ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல இந்தக் குறுக்குக் கம்பி வந்திருக்குமா? அவகிட்ட கேட்டாத்தானே வரும்.

அதனால "உனக்கு எழுத்துத் தெரியுமா?"ன்னு கேக்காதீக, வெக்கப்பட்டு உள்ள போயிருவா. "மாசம் ஆயிரம் ரூபா உரிமைத்தொகை வந்துச்சான்னு எப்படிப் பார்க்குற?"ன்னு கேளுங்க. பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட போனை நீட்டுறா. ஏடிஎம் கார்டு அவ பேருல, ரகசிய நம்பர் அவன் வாயில! குழுக் கடன்காரன் வாராவாரம் அட்டையில எழுதிட்டுப் போறான். அசல் எவ்வளவு கழிஞ்சுது, வட்டி எவ்வளவுன்னு அவளுக்குத் தெரியாது. அந்த அட்டையையே பாடப் புத்தகமா வைங்க. ஆனா ஆவன்னாவைவிட அந்தக் கணக்கு சீக்கிரம் மண்டையில ஏறும். கடன்காரன் முகம் சுண்டுறதைப் பார்க்க நானும் தினம் வகுப்புக்கு வர்றேன்.

இப்ப ஒரு விவகாரம் சொல்றேன், பயந்துராதீக. படிச்ச பொம்பளை சும்மா இருக்க மாட்டா. நெல்லூர் ஜில்லாவுல தூபகுண்டான்னு ஒரு கிராமம். அறிவொளிப் புத்தகத்துல சாராயத்தால சீரழிஞ்ச குடும்பத்தைப் பத்தி ஒரு பாடம் வச்சாக. வாசிச்சவளுக புத்தகத்தை மூடலை, சாராயக் கடையை மூடப் போயிட்டாளுக. 1992-ல அது ஆந்திரா பூராவும் பத்திக்கிச்சு. மறுவருசம் அக்டோபர்ல கவர்மெண்டே சாராயத்துக்குத் தடை போட்டுச்சு. இங்க நம்ம பக்கம், கல்லுடைச்ச பொம்பளைக குழுவுக்கே குவாரியைக் குத்தகைக்குக் கொடுத்தாக. எத்தனை லோடு போச்சு, என்ன ரேட்டுன்னு அவளே எழுதி வைக்க ஆரம்பிச்சா காண்ட்ராக்டருக்குத் தூக்கம் வருமா?

உங்களுக்கு வேலை வர்றது அப்பத்தான். அன்னிக்குன்னு பார்த்து ஆபீசைப் பூட்டிட்டு, "நாங்க பயிற்சி மட்டுந்தான் கொடுப்போம், உள்ளூர்த் தகராறுல தலையிட மாட்டோம்"னு சொல்ற சங்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். சர்டிபிகேட் கொடுத்ததும் கை கழுவிருவாக. அந்த சர்டிபிகேட்டைக் கொண்டுபோய் பேங்குல நீட்டினா "புருசன் கையெழுத்து எங்கே?"ம்பாக. அந்த மேனேஜர்கிட்ட பேசத்தான் தாயி சங்கம் வேணும். பேச்சும் நீங்க பேசக் கூடாது. அவ பேசட்டும், நீங்க சட்டப் புத்தகத்தோட பக்கத்துல நில்லுங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள் நடக்குது. மனுவை வாசல்ல காசுக்கு எழுதிக் கொடுக்க ஆளு உண்டு. வேண்டாம். தப்பும் தவறுமா இருந்தாலும் அவளே எழுதட்டும். அதுதான் நீங்க வைக்கிற பரீட்சை.

சர்க்காரும் 2022-ல புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்னு ஒண்ணு போட்டிருக்கு, 2027 வரைக்கும் ஓடுமாம். 15 வயசு தாண்டி எழுத்தறியாதவங்களுக்கு. சொல்லிக் கொடுக்குறது தொண்டர்கள், சம்பளம் கிடையாது. புண்ணியத்தை வச்சு எத்தனை மாசம் ஓட்டுவா சொல்லிக் கொடுக்க வர்ற புள்ளை? அவளுக்கு ஒரு படி கேட்டுப் போராடினா உங்க பிளெக்ஸுல இருக்குற "குரல்" நிசமாகும். அதுல நிக்கிற மந்திரி போட்டோவுக்குக் கொஞ்சம் சங்கடம்தான், பொறுத்துக்குவாரு.

வர்ற மே 1-ம் தேதி கிராம சபை. ராத்திரியில பள்ளிக்கூடக் கட்டடத்தைத் திறந்து விடணும், விளக்கு போடணும், புள்ளை பார்க்க ஆள் வேணும்னு தீர்மானம் போடச் சொல்லி நம்ம பொம்பளைக எழுதிக் கொண்டு வருவாளுக. நீங்களும் வந்து கூட்டத்தோட தரையில உக்காருங்க. பிளெக்ஸை மட்டும் வீட்டுல வச்சிட்டு வாங்க.