திரைக்கிழிசல்: கருமத்தம்பட்டிக் கோட்பாடு

கணினியில் படம் ஓடும்போது காட்சியின் மேற்பாதி போன கணத்திலும் கீழ்ப்பாதி இந்தக் கணத்திலும் நிற்க, நடுவே குறுக்காக விழும் வெட்டு திரைக்கிழிசல் எனப்படும்.

ஆய்வுக்களம், கருமத்தம்பட்டி சோமனூர் ரோட்டில் எங்கள் வீட்டு ஆசாரம். ஆய்வுப்பொருள், தங்கச்சியின் கல்யாண வீடியோ. கருவிகள், ஒரு லேப்டாப்பும் அதில் ஒயர் மாட்டிய டிவியும். கேமரா மணமேடையைச் சுற்றி வளைத்தபோது வாசல் வாழைமரம் இடுப்போடு முறிந்தது. கேமரா நின்றதும் ஒட்டிக்கொண்டது.

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கம் பேசிவிட்டே, தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்துக்கு வருகிறார். நாமும் அவ்வாறே.

தட்டல்வாதிகள் டிவியின் தலையில் அடிக்கச் சொன்னார்கள். பிக்சர் டியூப் காலத்துக் கொள்கை அது. இன்றைய டிவிக்கு அடிக்கத் தலையே இல்லை. ஒயர்வாதிகள் கழற்றி ஊதி மாட்டினார்கள். ஒயர் பழுதானால் புள்ளி பறக்கும், படமே போகும். இப்படி நேர்வெட்டு விழாது. மூன்றாவது, வீடியோகாரரே குற்றவாளி என்னும் மதம். அவருக்குப் பாக்கி வைத்திருந்த மாமா இதன் ஆசிரியர். வீடியோவை நிறுத்திப் பார்த்தோம்: மரம் முழுசாக நின்றது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம்: அதிலும் வெட்டு இல்லை. ஆகவே பிழை படத்தில் இல்லை என்க.

சுபக்கம் அப்புச்சியுடையது. விசைத்தறியோடே காலம் தள்ளியவர். "ஏஞ்சாமி, நாடா போய்ச் சேர்றதுக்குள்ள பாவு மூடிக்கிச்சாட்ட இருக்குது. ரெண்டும் ஒரே கணக்குல ஓடோணுமில்ல?" என்றார்.

இதற்கு உரை: நாடா, ஊடுநூலைக் கொண்டு குறுக்கே ஓடுவது; பாவு, நெடுக்கு நூல். திரை, படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதுகிறது. லேப்டாப் நொடிக்கு 60 தடவை எழுதிற்று; டிவி 50 தடவை. (நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, தூர்தர்ஷன் நொடிக்கு 25 படம் காட்டியது அதை ஒட்டியே.) கிராஃபிக்ஸ் அட்டை லேப்டாப்பின் தாளத்துக்கு அடுத்த படத்தைத் தள்ளிவிட்டது. டிவியோ 1,080 வரியில் அப்போதுதான் பாதி தாண்டியிருந்தது. மிச்ச வரிகளில் புதுப்படம் விழ, வாழை முறிந்தது. தறியில் இது நடந்தால் நாடா சிக்கிப் பாவு நூல் கொத்தாக அறும். திரையில் கண்ணோடு போயிற்று.

பரிகாரம், கடைசி வரி எழுதி முடிந்தபின்பே படத்தை மாற்றுவது. வீ-சிங்க் என்பது இதுதான். 2013இல் என்விடியா அறிவித்த ஜி-சிங்க் தலைகீழ்: அங்கே பாவு திறக்க நாடா காத்திருப்பதுபோல், படத்துக்காகத் திரை காத்திருக்கும். எங்களுக்கு அவ்வளவு செலவு தேவைப்படவில்லை. இரண்டு திரையிலும் ஒன்றாகக் காட்டுவதை விட்டு, டிவியில் மட்டும் காட்டு என்று மாற்றினோம். மரம் நிமிர்ந்தது. இதற்கும் கிழிசல் அடங்காதவர்கள் பிளேயரின் வீடியோ அவுட்புட்டை மாற்றிப் பார்க்கலாம்.

ஆய்வு முடிவின்படி, வீடியோகாரரின் பாக்கியை இந்த வாரமே தீர்க்கும்படி மாமா கேட்டுக்கொள்ளப்படுகிறார்.