நாளான்னிக்கு

அந்த ஆங்கில வினைச்சொல் எனக்கு அகப்பட்ட ஞாயிற்றுக்கிழமை நான் செய்வதாக இருந்தது வேறு வேலை. காலைக் காப்பி முடிந்ததும் பரணிலிருந்து செருப்புப் பெட்டியை இறக்கி, எங்கள் ஊர்ச் சொல்லகராதியில் ‘ஆ’ வரிசையை முடித்துவிடுவதாக முதல்நாள் இரவே வீட்டில் அறிவித்திருந்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ரயில் நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒலிபெருக்கி காதில் விழாது.

சொல்லகராதிப் பைத்தியம் எழுத்தாளர் கி.ரா.வால் வந்தது. கரிசல் வட்டார வழக்குக்கு 1982இல் தனி ஆளாக அகராதி கொண்டுவந்தவர். கரிசலுக்கு ஒன்று இருக்கும்போது காவிரிக் கடைமடைக்கு ஒன்று வேண்டாமா என்று 2014இல் எனக்கு ரத்தம் கொதித்தது. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சிய அட்டைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்தேன். ஊரில் பெரியத்தை திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று மாதத்தில் ‘அ’ முடிந்தது: 211 அட்டை. ‘ஆ’வில் இரண்டு. ஒன்று ‘ஆனைக்கொம்பன்’, நெல்லின் குருத்து வெங்காயத்தாள் மாதிரிக் குழலாகிக் கதிர் வராமல் போகும் நோய். இன்னொன்று ‘ஆறப்போடு’. அதில் தலைச்சொல் மட்டும்தான் இருக்கிறது. பொருளைச் சாவகாசமாக எழுதலாம் என்று வைத்தேன்.

அந்தச் சாவகாசம் வந்துவிட்டதென்று பெட்டியைத் திறந்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்திலும் பொருள் தருவதாக ஒரு காலத்தில் திட்டம் போட்டிருந்தது ஞாபகம் வந்தது. யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. ஆறப்போடுவதற்கு ஆங்கிலத்தில் கௌரவமாக என்ன சொல்வது என்று தேடப் போனேன். பதினொன்றரை மணிக்குக் கிடைத்தது: ‘பெரெண்டினேட்’.

‘புரொகிராஸ்டினேட்’ எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதன் வயிற்றில் இருக்கும் ‘கிராஸ்’ லத்தீனில் நாளை. பெரெண்டினேட்டுக்குள் இருப்பது ‘பெரெண்டியே’, நாளை மறுநாள். அதாவது, நாளைக்குத் தள்ளிப்போடுவதற்கு ஒரு வினை, நாளன்றைக்குத் தள்ளிப்போடுவதற்கு இன்னொரு வினை. இத்தனை வருஷமும் முதல் வினையைச் சொல்லி என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். அது வெறும் தற்பெருமை. நாளைக்குச் செய்கிறேன் என்பவன் கிட்டத்தட்ட உழைப்பாளி. என் ஜாதி இரண்டாவது.

ரோமாபுரி நீதிமன்றங்களில் இதே வேரிலிருந்து பிறந்த நடைமுறை ஒன்று உண்டு. வழக்கை ஒரு சுற்று கேட்டு, ஒருநாள் விட்டு மறுபடி கேட்பது. நம் வாய்தாவுக்குப் பங்காளி. உருதுவில் வாக்குறுதி என்று பொருள்படும் சொல், தமிழ்நாட்டுக் கோர்ட்டுக்கு வந்து வாய்தாவானது எப்படி என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த நடைமுறை பெரிதாக அடிபடுவது சிசிலியைச் சுரண்டிய ஆளுநர் வெர்ரஸ் மேல் கி.மு. 70இல் நடந்த வழக்கில். குற்றம் சாட்டியவர் சிசரோ. சாட்சியம் திரட்ட 110 நாள் கேட்டுவிட்டு, 50 நாளில் சிசிலி முழுக்கச் சுற்றி முடித்தார். எதிர்த்தரப்புக்கு வழக்கை அடுத்த வருஷத்துக்கு இழுக்கும் எண்ணம்; வெர்ரஸின் வக்கீலே அப்போது கான்சல் என்ற உச்சப் பதவிக்கு வந்துவிடுவார். சிசரோ நீண்ட தொடக்க உரையை விட்டுவிட்டு நேரே சாட்சிகளை ஏற்றினார். இரண்டாம் சுற்றுக்கு வெர்ரஸ் ஊரிலேயே இல்லை. கேட்ட கெடுவில் பாதியைத் திருப்பிக் கொடுத்த மனிதனைப் பற்றிப் படித்ததும் எனக்கு லேசாகத் தலை வலித்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

எழுந்தபோது மூன்றே முக்கால். மனசாட்சிக்கு மருந்தாக ஜேம்ஸ் மர்ரே இருக்கிறாரே. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் பத்து வருஷத்தில் முடிப்பதாக 1879இல் ஒப்பந்தம் போட்டவர். ஐந்து வருஷம் கழித்து, 1884இல் வெளிவந்த முதல் பகுதி ‘ஆண்ட்’ வரை, அதாவது எறும்பு வரைதான் எட்டியது. வேலை முடிந்தது 1928இல். மர்ரே 1915லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இதை மனைவியிடம் சொல்லி, அகராதி என்றால் அப்படித்தான் என்றேன்.

“அவர் அந்த அஞ்சு வருஷமும் மத்தியானம் தூங்கினாரா?” என்றாள்.

தூங்கவில்லை. தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு அதற்குள் சொல் எழுதிய சீட்டுகளோடு கிடந்தார். பதினொரு பிள்ளைகளையும் சீட்டுப் பிரிக்க உட்காரவைத்தார். அவர் கைக்கு வந்த சீட்டு மூட்டைகளில் ஒன்றில் செத்த எலி இருந்ததாம். என் பெட்டியில் கரப்பான் முட்டை. எங்கள் இருவருக்குமான ஒற்றுமை இத்தோடு சரி.

சாயங்காலம் பெரியத்தைக்குப் போன் போட்டேன். எண்பத்தொரு வயது, காது கொஞ்சம் மந்தம், நாக்கு அப்படியேதான் இருக்கிறது.

“அத்தை, ஆறப்போடுறதுன்னா என்ன?”

“ஏண்டா, அன்னிக்கே சொன்னேனே, எழுதலையா? ஊறப்போட்டா அரைச்சு இட்லியாவது சுடலாம். ஆறப்போட்டா என்ன ஆகும்? ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான்.”

பேனாவைத் தேடினேன். பெட்டியில் இருந்த மூன்றும் காய்ந்திருந்தன. அந்தச் சந்தடியை மறைக்க, அன்று கற்றுக்கொண்ட வித்தையை எடுத்துவிட்டேன். நாளன்றைக்குத் தள்ளிப்போடுவதற்கென்றே இங்கிலீஷில் ஒரு சொல் இருக்கிறது அத்தை என்று, எழுத்துக்கூட்டிக்கூடச் சொன்னேன்.

“அதுக்கு எதுக்குடா இங்கிலீசு? நாளான்னிக்குன்னா போதாதா?” என்றவர், “ஆமா, நீ எப்ப வரே?” என்றார்.

பதில் சொல்லுமுன் வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் வந்தது.

இரவு மகளின் பென்சிலால் ஓர் அட்டை எழுதினேன். ‘பெரெண்டினேட்’: பொருள், வேர், ரோமாபுரி, சிசரோ எல்லாம் மணிமணியாக, முன்னும் பின்னும். ‘ப’ வரிசையில் சேர்த்தாயிற்று. அந்த வரிசையில் இப்போதைக்கு அது ஒன்றுதான்.